சித்திரை வீதியில் ஒழுகிய எஞ்சின்

காட்டூரில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அங்கே எஞ்சினுக்கு அடியில் விரித்து வைத்திருந்த செய்தித்தாளில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. நான் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, சொட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது சொட்டு விழுந்தது. அது யாரோ ஒரு அமைச்சரின் மூக்கின் மேல் விழுந்து, மெல்லப் பரவி, அவருடைய புன்னகையை எட்டியது.

ஆடி மாதம், வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். தகரம் சூடேறி எண்ணெய் வாசனை கொட்டகை முழுக்க நிறைந்திருந்தது. எஞ்சினுக்குச் சொந்தக்காரரான மாலதி மேடம் அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் நான் செய்த காரியத்தைச் செய்திருக்க மாட்டேன், இந்த வாரப் பத்தியில் எழுதுவதற்கும் எனக்கு எதுவும் இருந்திருக்காது.

எஞ்சின் என்று சொன்னது ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சினை. அமெரிக்காவில் செய்தது, நூறு வயதைத் தாண்டியது. ஒரே சிலிண்டர். சைக்கிளுக்கு இருப்பது போலவே பெடல். எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு தோல் பெல்ட். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிரேக். இன்றைய பிள்ளைகள் பார்த்தால், சைக்கிளுக்கு நடுவில் யாரோ பம்பு செட்டைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள். அதில் தப்பும் இல்லை.

கசிவு பார்க்கும் உத்தியோகம்

போன வாரம் நான் பணி ஓய்வு பெற்ற கதையை எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் கசிவு பார்த்தேன். அதுதான் உத்தியோகம். செய்து முடித்த பாய்லர் பாகத்துக்குள் தண்ணீரை நிரப்புவார்கள். அது வாழ்நாளில் தாங்க வேண்டியதைவிட அதிக அழுத்தத்தைக் கொடுப்பார்கள். நான் டார்ச் விளக்கையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வெல்டிங்காகப் பார்த்து வர வேண்டும். எங்காவது துளி ஈரம் தெரிந்தால் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். வட்டம் போட்டால் வேலை நின்றுவிடும்.

அந்த வட்டத்துக்கு இருந்த மரியாதை தனி. பெரிய பெரிய அதிகாரிகள் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். சாக்பீஸ் என்னவோ ஸ்கூலில் எழுதுகிற சாக்பீஸ்தான்.

ஒரு தடவை ஒரு சொட்டைக் கண்டுபிடித்து வட்டம் போட்டேன். நாலு மணி நேரம் ஒருத்தர் கையும் அசையவில்லை. வெல்டிங்கை எத்தனை முறை துடைத்துக் காய வைத்தாலும், அதே இடத்தில் மறுபடி ஒரு சொட்டு வந்து நின்றது. கடைசியில் ஒரு வெல்டர் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் சார் என்றார். என் டீ கிளாஸ் மேலே ஏணிப் படியில் சாய்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் என்னைக் கண்டால் அந்த ஷிஃப்டில் யாரும் டீயைக் கீழே வைக்க மாட்டார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். எங்கள் கல்யாண வரவேற்பில் ரோஸ்மில்க் டிரம்மின் குழாய் ஒழுகியது. ஊரே வரிசையில் நின்று கை கொடுத்துக்கொண்டிருக்க, நான் கோட்டு சூட்டோடு இறங்கிப் போய் அதை இறுக்கிவிட்டு வந்தேன். ஆல்பத்தில் பாதிப் படங்களில் என் வலது கை சிவப்பாக இருக்கும். யார் வந்து கேட்டாலும் என் மனைவி லில்லி, மருதாணி என்று சொல்லிச் சமாளித்துவிடுவாள்.

இப்படிப்பட்டவனிடம்தான், ஒழுகுவதற்கென்றே வடிவமைத்த ஒரு எஞ்சின் வந்து சேர்ந்தது.

ஐந்து சாக்கும் மூன்று கதையும்

மாலதி மேடத்தை நான் முதலில் பார்த்தது ஒரு லேத் பட்டறையில். மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீரங்கத்துக்காரர். கையில் ஒரு கோடு போட்ட நோட்டுத் தாள். அதில் ஒரு சின்ன உருளையின் படத்தை வரைந்து, எத்தனை தடிமன், எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்றெல்லாம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். பட்டறைக்காரர், இதெல்லாம் எதுக்கும்மா, சுமாரா போட்டுத் தரேன் என்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு இவ்வளவு ஒழுங்கான ஒரு தாளைப் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. என் கொட்டகையில் லேத் இருக்கிறது, நான் செய்து தருகிறேன் என்றேன்.

கீழச் சித்திரை வீதியில் அவர்கள் வீடு. பின்கட்டு அறையில் ஐந்து சாக்குகள். கணவரின் தாத்தாவுடைய மோட்டார் சைக்கிள் அக்குவேறு ஆணிவேறாக அந்தச் சாக்குகளில் கிடந்தது. கணவர் இருந்தவரை ஒரு சாக்கைக்கூட அவிழ்த்துப் பார்த்ததில்லையாம். அவர் காலமான பிறகு இவர்தான் அவிழ்த்திருக்கிறார். முதல் சாக்கில் சிலிண்டர் இருந்தது, அதற்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

வண்டி வீட்டுக்கு எப்படி வந்தது என்பதற்கு அந்தக் குடும்பத்தில் மூன்று கதைகள் உண்டு. ரயில்வேயில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது அன்பளிப்பாகக் கொடுத்தது என்பது ஒன்று. தாத்தா சீட்டாட்டத்தில் ஜெயித்தது என்பது இன்னொன்று. காலையில் வீட்டுப் பூஜையான திருவாராதனத்தை முடித்துவிட்டுக் கோர்ட்டுக்கு நேரத்தோடு போவதற்காக அவரே வரவழைத்தது என்பது மூன்றாவது, இதைப் பெரியவர்கள் முன்னால் சொல்வார்கள். மாலதி மேடம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, மூன்றுக்கும் எதிரே 'ஆதாரம் இல்லை' என்று எழுதி வைத்திருந்தார்.

கையில் இருந்த ஆதாரம் ஒரே ஒரு பழைய குடும்பப் போட்டோ. பதினெட்டுப் பேர் விறைப்பாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓரத்தில் அரைச் சக்கரம் தெரிகிறது. மேடம் பூதக்கண்ணாடி வைத்து அந்தச் சக்கரத்தின் கம்பிகளை எண்ணினார். பதினெட்டுப் பேரில் யார் யார் என்று கேட்டால் பாதிப் பேரைத் தெரியாது என்பார், கம்பி எத்தனை என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

அந்த எண்ணிக்கையையும் எஞ்சின் மேல் பொறித்திருந்த எண்ணையும் வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் இதே வண்டியை வைத்திருக்கும் ஒரு முதியவரை இணையத்தில் பிடித்தார். அவர் ஒவ்வொரு பாகத்துக்குப் பக்கத்திலும் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்புவார். பழைய கையேட்டையும் பக்கம் பக்கமாக அனுப்பினார். மேடம் அதை எனக்காகத் தமிழில் எழுதி ஒரு நீள நோட்டாகக் கட்டிக் கொடுத்தார். கொட்டகையில் இருந்த ஆணியில் அதைத்தான் மாட்டியிருந்தேன்.

அதில் எண்ணெய் பற்றி ஒரு பக்கம் உண்டு. இந்த எஞ்சினுக்குள் போன எண்ணெய் திரும்பத் தொட்டிக்கு வராது. ஓட்டுபவர் அவ்வப்போது ஒரு கை பம்பை அழுத்திப் புது எண்ணெய் அனுப்ப வேண்டும். வேலை முடிந்த எண்ணெய், எஞ்சினின் அடிவயிற்றில் உள்ள மூச்சுக்குழாய் வழியாகக் காற்றோடு சேர்ந்து வெளியே சொட்டும். சொட்ட வேண்டும். இந்தக் கடைசி வார்த்தைகளின் கீழே மேடம் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

நான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். தலையாட்டினேன். புரிந்தது என்றுகூடச் சொன்னேன்.

ஹோட்டல் சுவர்

வீட்டின் முன்கட்டில் மேடத்தின் கொழுந்தனார் வரதன் இருந்தார். அவரும் ஓய்வு பெற்றவர்தான். வீட்டில் எதுவும் சும்மா கிடக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை, அதில் தனக்கு மட்டும் விலக்கு வைத்திருந்தார். வண்டியில் அவருக்கும் பாதிப் பங்கு. பெங்களூரில் ஒரு ஹோட்டல்காரர் பழைய சாமான்களைச் சுவரில் மாட்டி அலங்காரம் செய்கிறார் என்று கேள்விப்பட்டு, வரதன் அவரோடு பேசி முடித்திருந்தார். வண்டியை நீளவாக்கில் பாதியாக அறுத்து, சுவரிலிருந்து பாய்ந்து வருவது போல மாட்டப் போகிறார்களாம்.

மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. ஓடாத வண்டி சாக்கில் இருந்தால் என்ன, சுவரில் இருந்தால் என்ன என்று வரதன் கேட்டார். கேள்வி நியாயமானது என்பதுதான் சங்கடம். ஓடினால் என்ன செய்வாய் என்று மேடம் கேட்க, வரதன் ஒரு நிபந்தனை சொன்னார். ஆடிப்பெருக்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஹோட்டல்காரரின் வேன் வரும். அதற்குள் வண்டி சித்திரை வீதி நான்கையும் ஒரு சுற்று, தள்ளாமல், தானாக ஓடி வர வேண்டும். வந்தால் தன் பங்கையும் மன்னிக்கே, அதாவது மேடத்துக்கே, எழுதிக் கொடுத்துவிடுவார். வராவிட்டால் மன்னி வாய் திறக்கக் கூடாது.

அந்த வாரம் கொட்டகையில் மேடம் காபியை ஆற்றிக்கொண்டே என்னிடம் ஒன்று சொன்னார். "அவர் போனப்புறம் அந்த அறையில போய் உக்கார எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது சார். மூணு வருஷமா எனக்குப் பேச்சுத் துணை அந்த வண்டிதான்."

நான் காபியில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

பித்தளை மூடி

இப்போது மறுபடி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். எஞ்சின் முந்தின வாரமே உயிர் பெற்றிருந்தது. பின் ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலை மிதித்தால் நாலாவது மிதியில் கிளம்பி, டுபு டுபு என்று நன்றாகவே ஓடியது. எல்லாம் சரியாக இருந்தது. செய்தித்தாள் மட்டும்தான் நனைந்தது.

மூன்றாவது சொட்டு விழுந்தபோது, லில்லி காய் நறுக்கிக்கொண்டே ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். அந்தம்மா சொட்டணும்னுதானே எழுதி வெச்சிருக்காங்க என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். தெரியும்தான். ஆனால் முப்பத்து நான்கு வருஷம் ஒரு சொட்டைக்கூட வெளியே விடாத ஆள் கைபட்ட வண்டி, ஸ்ரீரங்கத்தில் அத்தனை பேருக்கு முன்னால் தெரு நெடுக ஒழுகிக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்து அமெரிக்கர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அவர்களிடம் எங்கள் டிபார்ட்மென்ட் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லேத்தை ஓட்டினேன். ஒரு துண்டுப் பித்தளையைக் கடைந்து, மரை போட்டு, விரல் நுனி அளவுக்கு ஒரு மூடி செய்தேன். மூச்சுக்குழாயின் வாயில் அதைத் திருகினேன். புதுச் செய்தித்தாளை விரித்து எஞ்சினை இரண்டு நிமிஷம் ஓட்டினேன். தாள் சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்கு மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன். மேடத்திடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களே பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை லோடு ஆட்டோவில் வண்டியை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோய் வைத்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் அங்கே போனபோது வீதியில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். மேடம் சுடிதார் போட்டுக்கொண்டு கையில் நோட்டோடு நின்றிருந்தார். வரதன் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர் தோரணையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பேசியபடி நான்தான் ஓட்டுவதாக இருந்தது. மேடம் எண்ணெய் பம்பை இரண்டு தடவை அழுத்தினார். நான் ஏறி மிதித்தேன். மூன்றாவது மிதியிலேயே எஞ்சின் கிளம்பிவிட்டது. எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ கை தட்டினார்கள். சூடேறட்டும் என்று ஸ்டாண்டிலேயே ஓட விட்டுவிட்டு, நான் வரதனைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினேன். ஒரு சொட்டு இருக்கிறதா பாருங்கள் என்றேன். அவர் குனிந்து பார்த்து, இல்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் காது சுடுகிறது.

நாலாவது நிமிஷம் புகை வந்தது. முதலில் நீலமாக, பிறகு வெள்ளையாக, பிறகு எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தும் அளவுக்கு. எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் எண்ணெயில் ஊறியிருந்தது. துடைத்துப் போட்டு மறுபடி கிளப்பினோம். மறுபடியும் அதே புகை, அதே இருமல். இந்தத் தடவை பக்கவாட்டிலிருந்த பேரிங் வழியாகவும் எண்ணெய் பிதுங்கிக்கொண்டு வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று எங்காவது போக வேண்டும். போகும் வழியை நான் அழகாக அடைத்திருக்கிறேன். காற்று எண்ணெயையும் இழுத்துக்கொண்டு கிடைத்த சந்தெல்லாம் நுழைந்து போகிறது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும், உலகத்தில் எங்கேயும் அது கிடைக்காது.

மேடம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். விரல் எண்ணெய்ப் பக்கத்தில் நின்றது. பிறகு நோட்டை மூடினார்.

"பம்பை நான்தான் ஒரு தடவை அதிகமா அழுத்திட்டேன் போலிருக்கு. என் தப்புதான் வரதா. அந்த மனுஷனை வரச் சொல்லிடு."

வரதன் போனை எடுத்தார். சந்தோஷப்பட்டார் என்று சொன்னால் பாவம். அவருக்கே ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் போனை எடுத்தார்.

நான் பேசாமல் நின்றேன். அடுத்தவர் வேலையில் வட்டம் போட்டுப் போட்டுப் பழகிய கை. என் வேலையில் நானே வட்டம் போட வேண்டிய நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வண்டி பாதியாக அறுபடும், மூடி அதோடு பெங்களூர் போய்விடும், என் பெயர் சுத்தமாக இருக்கும். இதையெல்லாம் நான் யோசித்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் யோசித்தேன்.

"மேடம், தப்பு உங்க மேல இல்லைங்க. மூச்சுக்குழாயை நான் அடைச்சுட்டேன்."

"எப்போ?"

"வியாழக்கிழமைங்க."

"ஏன்?"

"சொட்டுச்சுங்க."

நான் தரையில் படுத்து, கையை உள்ளே விட்டு, மூடியைத் திருகி எடுத்தேன். எஞ்சின் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. கூடவே ஒரு கரண்டி எண்ணெய் என் சட்டையில் கொட்டியது. மேடம் கையை நீட்டினார். கொடுத்தேன். மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நன்னாத்தான் கடைஞ்சிருக்கேள். மரையெல்லாம் அழகா வந்திருக்கு."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. பிறகு மேடம் நோட்டைத் திறந்து, பழுதுகள் எழுதும் பக்கத்தில் தேதியைப் போட்டு, காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். இனிஷியலோடு எழுதினார்.

நான் பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டு சீட்டில் ஏறப் போனேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். தானே ஓட்டிக்கொள்வதாகச் சொன்னார். தினமும் ஸ்கூட்டரில் மாம்பழச் சாலை வரை போய்வருபவர், முந்தின வாரம் என் கொட்டகைச் சந்தில் இந்த வண்டியை இரண்டு மூன்று முறை ஓட்டியும் பார்த்திருக்கிறார். அந்தக் காலையில் எனக்கு எந்தப் பேச்சுக்கும் உரிமை இல்லை.

எஞ்சின் கிளம்பியது. சொட்டியது. ஸ்டாண்டை எடுத்துவிட்டோம். மேடம் பெல்ட்டை இறுக்கும் நெம்புகோலை மெதுவாக இழுத்தார். நூறு வயது வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்து, தெற்குப் பக்கம் பார்த்து, கோயிலை வலமாக வைத்துக்கொண்டு போனது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

எண்ணெய் பார்த்து நடந்தோம்

டுபு டுபு என்ற சத்தம் தெற்கு வீதியில் தேய்ந்து, மேல வீதியில் மெல்லக் கேட்டு, பிறகு நின்றுபோனது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கோயில் பக்கமிருந்து நாகஸ்வரம் கேட்டது. பூக்காரரின் சைக்கிள் மணி கேட்டது. வண்டி கேட்கவில்லை. வரதனும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, வடக்கு வீதி முனையில் திடீரென்று சத்தம் கேட்டது. மேடம் வளைந்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். முகமெல்லாம் வியர்வை. கண்ணாடியில் எண்ணெய்ப் பொட்டுகள். சின்னப் பெண் மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வரதன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "வடக்கு வீதியில சத்தமே கேக்கலையே மன்னி. நடுவுல நின்னு தள்ளிண்டு வந்தேளோ?"

சிரிப்பு போய்விட்டது. தள்ளவில்லை என்று மேடம் சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார். மூன்று வருஷம் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் தேடியவரிடம் கடைசியில் அவருடைய வார்த்தைக்கே ஆதாரம் கேட்டுவிட்டார்கள். படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வண்டி வாசலில் நின்றபடி சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு வரதனிடம் சொன்னேன், எஞ்சின் ஓடினால்தான் வழி நெடுகச் சொட்டும். நின்றால் ஒரே இடத்தில் குட்டை கட்டும், இதோ கட்டுகிறதே அதுபோல. தள்ளினால் சொட்டு விழாது. வாருங்கள், நடந்து பார்க்கலாம் என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அப்படித்தான் நானும் வரதனும் குனிந்த தலை நிமிராமல் சித்திரை வீதியை வலம் வந்தோம். தெரிந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். தெற்கு வீதியில் சொட்டுகள் பத்தடிக்கு ஒன்றாக, தேன் நிறத்தில், அழகாக விழுந்திருந்தன. ஆட்டோக்கள் விட்டுப்போன எண்ணெய் கறுப்பு, நம்முடையது தனியாகத் தெரிந்தது. ஒரு பக்தரின் வெறுங்கால் ஒரு சொட்டை மிதித்து, நாலு அடி தூரம் கோயிலை நோக்கிக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. மேல வீதியில் ஒரு மாடு ஒரு சொட்டின் மேல் படுத்திருந்தது. அதற்கு முன்னும் பின்னும் சொட்டு இருந்ததால் வரதன் மாட்டை எழுப்பச் சொல்லவில்லை. ஒவ்வொரு சொட்டாகப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு சொட்டைக் கண்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

வடக்கு வீதியில் முதல் பத்துப் பன்னிரண்டு வீடு வரை சொட்டு வந்தது. பிறகு இல்லை. நாலு வீடு தாண்டியும் இல்லை. குட்டையும் இல்லை. நான் இடது பக்கம், வலது பக்கம் எல்லாம் தேடினேன். வரதன் நின்றுவிட்டார். பாவம் மன்னி, வயசாச்சு, தள்ளித்தான் இருப்பா, அதனால ஒண்ணும் குறைஞ்சுபோகலை என்று மெதுவாகச் சொன்னார். அந்த இரக்கம் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஆனால் கையில் ஆதாரம் இல்லை.

ஐந்தாவது வீட்டு வாசல் ஈரமாக இருந்தது. சோப்புத் தூள் நுரை சாக்கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு மாமி தென்னந்துடைப்பத்தால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கோலம் பாதி அழிந்து கிடந்தது. இதற்கு முந்தின நாலு வாசலும்கூட ஈரம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலைப் பார்க்காமல் சொட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மாமி நிமிர்ந்தார். குனிந்து தரையைப் பார்த்தபடி வந்த எங்கள் இரண்டு பேரையும், என் சட்டையில் இருந்த எண்ணெயையும் பார்த்தார்.

"யாராத்து வண்டி அது? டுபுடுபுன்னு புகை விட்டுண்டு போறது, வாசல் வாசலா எண்ணெயைக் கொட்டிண்டு. வீதியே தேய்ச்சுண்டிருக்கோம், போகமாட்டேங்கறது."

நான் வாயைத் திறந்தேன். குற்றம் சொல்லப்பட்டால் ஒப்புக்கொள்ளும் பழக்கம் அன்றைக்குக் காலையிலிருந்துதான் வந்திருந்தது. ஆனால் வரதன் என்னை முந்திக்கொண்டார். தோளில் இருந்த துண்டைச் சரிசெய்தார். நுரைக்கு அடியில் இன்னும் மறையாமல் மஞ்சளாகத் தெரிந்த எண்ணெயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்காத்து வண்டிதான் மாமி" என்றார். "எங்க மன்னி ஓட்டிண்டு போனா. இனிமே அடிக்கடி வரும்."